அம்மா தம்பி வீட்டில் இருக்கிறாள்

அத்தியாயம் பதினொன்று

பத்து வாரமாக மடிப்பம்மாவின் கூடவே நடந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக நாலு வார்த்தை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் விரிப்பும் போர்வையும் மடித்தவள் அவள். ஓய்வு பெற்ற மாதமே ஊழியர் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கணவர் அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வீட்டில் நாற்பது நாள் இருந்தாள். “அக்காவுக்குத்தாம்மா உன்னைப் பத்தி நல்லாத் தெரியும்” என்றான் அவன். மகள் வீட்டில் மூன்று வாரம். அங்கேயும் ஒரு நாள் பேச்சு வந்தது.

மகளிடம் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்றாள். மகனிடம் அக்கா வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தாள்.

அப்பாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று ஆரம்பித்த சண்டையில் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தி மூன்று வருஷமாகிறது. அதனால்தான் அந்தப் பொய் இன்னும் நிற்கிறது. மாதம் ஒரு முறை மகளை ஒரு பஸ் நிறுத்தத்திலும் மகனை அவன் வேலை பார்க்கும் கட்டிடத்தின் வாசலிலும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். “நீங்க எதுக்கு அலையணும், நானே வரேன்” என்பாள். அவர்களும் விட்டுவிடுவார்கள்.

பஸ் நிலையத்தில் பதினேழு நாள். பிறகு பெண்கள் காப்பகத்தில் ஒன்பதாம் நம்பர் கட்டில். மொத்தம் பதினோரு மாதம். அங்கே போர்வைகளை அவள் மடித்து அடுக்குகிற நேர்த்தியைப் பார்த்துத்தான் மடிப்பம்மா என்ற பெயர் வந்தது.

இன்றைக்கு வியாழக்கிழமை. நாடகம் நடக்கிற நாள்.

*

வியாழன் மகளுக்கு, ஞாயிறு மகனுக்கு. அப்படி ஒரு முறை தானாகவே அமைந்துவிட்டது. காலை எட்டேகாலுக்குப் போன் அடித்ததும் காப்பகத்தின் நீளமான அறை அடங்கிப்போயிற்று. தட்டு கழுவிக்கொண்டிருந்தவள்கூடக் குழாயை மூடினாள். மடிப்பம்மாவுக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் இருபத்திரண்டு பெண்களும் காட்டுகிற மரியாதை அது.

“அம்மா, எப்படி இருக்க?”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிட்டியா?”

“எங்க சாப்பிடறது. இன்னைக்கு எட்டாம் வகுப்பைக் கூட்டிட்டுப் போகணும். நாப்பது உருப்படி. எண்ணி எண்ணியே என் பிராணன் போயிடும்.”

மகள் கணக்கு டீச்சர். எதையும் எண்ணாமல் இருக்க அவளால் முடியாது.

“எங்க கூட்டிட்டுப் போறே?”

“நகர மன்றத்துல ஏதோ நாடகமாம். கதவு தட்டினவ கதை. வீடில்லாத பொம்பளைங்களே நடிக்கிறாங்களாம். ஹெச்.எம். சொல்லிட்டாங்க, தட்ட முடியல.”

மடிப்பம்மா பக்கத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சரியாக அந்த நேரத்தில் அறையின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. “அத்தே, டீ ஆறுது பாருங்க.”

அது ரேடியோ. வாய் ஓயாமல் பேசுகிறவள் என்பதால் ரேடியோ. முப்பத்திரண்டு வயது. வியாழக்கிழமைகளில் அவள்தான் மருமகள்; தம்பி மனைவியின் குரலை மகள் கேட்டு மூன்று வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசமாட்டாள், பாத்திரத்தை மட்டும் உருட்டுவாள். மகனுக்கு அக்காவின் குரல் தெரியும் அல்லவா.

“உன் மருமக கூப்பிடறா போல. போய்க் குடி. அப்புறம் பேசறேன்” என்று மகள் வைத்துவிட்டாள்.

ரேடியோ டீயோடு வந்தாள். மடிப்பம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“என்னாச்சு? குரல் சரியில்லையா? கொஞ்சம் அதிகாரமாக் கூப்பிட்டுட்டனா?”

“இன்னைக்கு அவ வர்றா.”

“யாரு?”

“எம்மக. பிள்ளைங்களைக் கூட்டிட்டு நாடகம் பார்க்க வர்றா.”

ரேடியோ வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

“வரட்டுமே” என்றாள் கடைசியில். “ஒரு நாள் தெரியத்தானே போகுது.”

“நாப்பது பிள்ளைங்க முன்னாடியா? எங்க டீச்சரோட அம்மா காப்பகத்துல கிடக்குறான்னு ஆளுக்கு ஆள் பேசும். நாளைக்கு அவ எந்த முகத்தை வச்சுக்கிட்டு போர்டு முன்னாடி நிப்பா?”

“உனக்கு அவ மானம்தான் பெருசு.”

“பின்னே?” என்றாள் மடிப்பம்மா. அதில் கேள்வி எதுவும் இல்லை.

*

கதவு தட்டினவள் கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆற்றோர ஊரில் ஒருத்தி. கணவன் இறந்ததும் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டாள். மழை நாள். ஏழு வீட்டுக் கதவைத் தட்டினாள். ஏழு வீட்டிலும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். எட்டாவதாக இருந்தது அந்த ஊர் ஆறு. அதற்குக் கதவு கிடையாது. அன்றைக்கே ஆறு பெருகி ஊருக்குள் வந்து, ஏழு வீட்டுக் கதவையும் தட்டியது. இப்போதும் வெள்ளம் வந்தால், கதவு தட்டினவ வந்துட்டா என்று சொல்கிறவர்கள் உண்டு.

இதை நாடகமாக்கியவள் காப்பகத்துக்கு வாரம் மூன்று நாள் வருகிற ஒருத்தி. பகலில் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வேலை. விரல் நுனியில் எப்போதும் மை இருக்கும். ஆனாலும் இவர்களுக்கு அவள் டைரக்டர்.

டைரக்டர் ஒரு காரியம் செய்தாள். கதவு தட்டுகிறவளாக ரேடியோவையும், கதவைத் திறந்து இல்லை என்று சொல்கிற ஏழு பேரையும் காப்பகத்திலிருந்தே எடுத்தாள். “உங்களுக்கு யாரோ சொல்லியிருப்பாங்கல்ல, அதைச் சொல்லுங்க. நான் வசனம் எழுத மாட்டேன்” என்றாள்.

முதல் கதவு, தனியாக வருகிற பெண்ணுக்கு வீடு தருவதில்லை என்றது. இரண்டாவது, புருஷனைக் கூட்டிக்கொண்டு வா என்றது. மூன்றாவது ஒன்றும் சொல்லவில்லை, விளக்கை அணைத்தது. அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் அதுதான்.

மடிப்பம்மாவின் முறை வந்தபோது அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு, “உள்ள வா, தண்ணி குடி. நீ இங்க இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா பாரு, பாய் விரிக்கக்கூட இடமில்ல. அடுத்த வீட்டு ஹால் பெருசு” என்றாள். அவ்வளவு அன்பாகச் சொன்னாள்.

டைரக்டர் சொன்னாள்: “இதுதான் ஏழாவது கதவு. மத்த ஆறு இடத்துலயும் அவளுக்குக் கோவம் வரும். இங்க கோவப்படக்கூட வழியில்ல. அதனாலதான் அவ ஆத்துக்குப் போறா.”

அது யார் சொன்ன வார்த்தை என்று டைரக்டர் கேட்கவில்லை. மடிப்பம்மாவும் சொல்லவில்லை. அடுத்த வீடு என்ற இடத்தில் உண்மையில் ‘தம்பி வீடு’ என்று இருந்தது. அதை மட்டும் மாற்றியிருந்தாள்.

இன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னவளே மூன்றாவது வரிசையில் வந்து உட்காரப் போகிறாள்.

*

நகர மன்றத்தில் மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. இரண்டு மணிக்கு டைரக்டர் மூச்சு வாங்க வந்தாள்.

“எனக்குத் தொண்டை கட்டிடுச்சும்மா” என்றாள் மடிப்பம்மா. “வேற யாரையாவது நிக்க வைங்களேன்.”

“நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?”

“ராத்திரி பனி.”

டைரக்டர் அவளைப் பார்த்தாள். மை படிந்த விரலால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா நீங்க இல்லன்னா ஆறு கதவோட நிறுத்திக்க வேண்டியதுதான். ஏழாவது கதவுக்கு இன்னொருத்தர் கிடையாது. என்னன்னு சொல்ல முடியும்னா சொல்லுங்க.”

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தப் பெண் புரிந்துகொண்டிருப்பாள். ஆனால் பதினோரு மாதம் மூடியே வைத்த வாய் அவ்வளவு லேசில் திறக்காது.

“பவுடர் கொஞ்சம் அதிகமாப் போட்டுக்கவா?” என்று மட்டும் கேட்டாள்.

நாடகச் சாமான் பெட்டியிலிருந்து கண்ணாடி இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். தலையை ஒரு துணியால் இறுகக் கட்டினாள். முகம் முழுக்க வெள்ளையாக அப்பினாள். ரேடியோ பார்த்துவிட்டு, “பேய்க்கதைன்னு நெனச்சுப் பிள்ளைங்க ஓடிடப் போகுது” என்றாள். மடிப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் பவுடர் வெடித்தது.

இடித்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நிஜக் கதவு அது. சட்டத்தோடு நிற்கும், கீழே உருளை பொருத்தியிருந்தது. ஒரே கதவைத்தான் ஏழு இடத்தில் நகர்த்தி வைப்பார்கள். அதன் கீல் இடுக்கு வழியாக மடிப்பம்மா சபையைப் பார்த்தாள்.

பிள்ளைகள் வந்தார்கள். நடுவில் மகள், விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. போன மாதம் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். தோள்பையின் வாரை ஒரு ஊக்கால் குத்தியிருந்தாள். யாராவது தைத்துக் கொடுத்திருக்கலாம் என்று அம்மாவுக்குத் தோன்றியது.

மூன்றாவது வரிசை, நடைபாதையோரம். அங்கேதான் உட்கார்ந்தாள்.

*

முதல் கதவில் பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவதிலும் கொஞ்சம் சிரித்தார்கள். மூன்றாவதில் விளக்கு அணைந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. ரேடியோவா இது என்று நினைக்கும்படி இருந்தது. நாள் முழுக்கத் தொணதொணக்கிறவள் மேடையில் மெல்ல மெல்லப் பேச்சுக் குறைந்து, ஆறாவது கதவுக்கு வரும்போது வெறும் கையை மட்டும் ஏந்தினாள்.

ஏழாவது இடத்துக்குக் கதவு உருண்டது. மூன்று தட்டு.

மடிப்பம்மா திறந்தாள்.

“விடியற வரைக்கும் ஒரு மூலை போதும்” என்றாள் ரேடியோ.

உள்ள வா, தண்ணி குடி. அதுதான் வர வேண்டும். நாக்கில் தயாராக இருந்தது. ரேடியோவின் தோளுக்கு மேலே மூன்றாவது வரிசை தெரிந்தது. மகள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் கை வைத்து, சின்ன வயசில் கதை கேட்பதுபோல.

அவள் வார்த்தையை அவளுக்கே எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த இடத்திலேயே உடைந்து போவாளே.

“யார் நீ?” என்றாள் மடிப்பம்மா. “உன்னை எனக்குத் தெரியாது. போ.”

ரேடியோ திகைத்தாள். ஒத்திகையில் இல்லாத வசனம். ஆனால் சமாளித்தாள். “தெரியாதா? நல்லாப் பாருங்கம்மா.”

“தெரியாதுன்னு சொல்றேன்ல.”

கதவைச் சாத்தினாள். சத்தம் அதிகமாகவே வந்தது.

முகத்துக்குப் பவுடர் போட்டாள், தலைக்குத் துணி கட்டினாள். குரலுக்கு என்ன கட்டுவது? முப்பத்தாறு வருஷம் கேட்ட குரல். கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கு, கீழே ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது.

தகரத்தைக் குலுக்கி மழையும் ஆறும் வந்தன. நாடகம் முடிந்தது.

*

முடிந்ததும் கைதட்டு வாங்கிக்கொண்டு போகிற நாடகமில்லை அது. டைரக்டர் முன்னால் வந்து, “இந்தக் கதை இப்படித்தான் முடியணுமா? யாராவது மேடைக்கு வந்து மாத்திக் காட்டுங்க. கதவாவும் நிக்கலாம், தட்டவும் தட்டலாம்” என்றாள்.

முதல் வரிசைச் சிறுமி ஒருத்தி ஓடி வந்தாள். முதல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “உள்ள வாங்க ஆன்ட்டி, அம்மா வேலைக்குப் போயிருக்காங்க, வந்தப்புறம் திட்டுவாங்க, பரவால்ல” என்றாள். மன்றமே சிரித்தது.

“வேற யாரு?”

“எங்க டீச்சர் நிக்கிறாங்க” என்றான் ஒருவன்.

நின்றுகொண்டுதான் இருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. டைரக்டர் கையை நீட்டினாள். “வாங்க டீச்சர். எந்தக் கதவு?”

“கடைசிக் கதவு.”

“கதவா நிக்கறீங்களா?”

“இல்ல. தட்டறேன்.”

பின்னால் இருந்த மடிப்பம்மாவுக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. பக்கவாட்டில் வழி இருந்தது. ஆனால் கதவு உருண்டு வந்து அவள் முன்னால் நின்றுவிட்டது. தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று இல்லை, ஒன்றுதான்.

திறந்தாள்.

இரண்டடி தூரத்தில் மகள். கண் சிவந்திருந்தது. பிள்ளைகளுக்கு முதுகு காட்டி நின்றாள்.

“இங்க எங்கம்மா இருக்காங்களா?”

“டீச்சர், டயலாக் அது இல்ல” என்று ஒரு பையன் சொன்னான். டைரக்டர் அவனைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள்.

மடிப்பம்மா தொண்டையைச் செருமினாள். “இல்லம்மா. அவங்க... அவங்க பையன் வீட்டுல இருக்காங்க.”

“அங்க இல்ல. கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

“தம்பிகிட்ட பேசுனியா?”

அது வாயிலிருந்து வந்தபிறகுதான் தெரிந்தது. அதில் இருந்த சந்தோஷம் பின் வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். மாட்டியிருந்த வேஷம், அப்பியிருந்த பவுடர், பதினோரு மாதப் பொய் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் போயிற்று. மூன்று வருஷமாக அவள் ஆசைப்பட்டதெல்லாம் இந்த இரண்டு பிள்ளைகளும் பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான்.

மகள் இல்லை என்று தலையை ஆட்டினாள். “பேசலம்மா. சும்மா சொன்னேன்.”

“பேசு கண்ணு. அவனுக்கு ஒரு போன் போடு.”

மகள் கையை நீட்டி, கண்ணாடி இல்லாத அந்தச் சட்டத்தை அம்மாவின் முகத்திலிருந்து கழற்றினாள்.

“அது டீச்சரோட அம்மாவா?” என்று கீழே ஒரு சின்னக் குரல் கேட்டது.

மகள் திரும்பினாள். நாற்பது முகம். கரும்பலகை முன்னால் நிற்கிற மாதிரி நேராக நின்றாள்.

“ஆமா” என்றாள். “எங்கம்மா.”

யாரும் சிரிக்கவில்லை. மடிப்பம்மா காலையிலிருந்து எதற்குப் பயந்தாளோ அது நடந்தேவிட்டது. ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சியது. அவ்வளவுதான்.

*

ஐந்து மணிக்குள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். பஸ் வெளியே உறுமிக்கொண்டு நின்றது. மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் இருவருக்கும் கிடைத்தது பத்து நிமிஷம். அதிலும் பாதி நேரம் மகள் அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“என்னத்தைச் சொல்றது. உனக்கு உன் கஷ்டம்.”

“அவன்கூடத்தான் இருக்கன்னு நான் நிம்மதியா இருந்தேன். வாரா வாரம் எப்படி இருக்கன்னு வேற கேட்டேன்.”

“நல்லாத்தானே இருந்தேன். இங்க எனக்கு என்ன குறை?”

அந்த நேரம் பார்த்து ரேடியோ உள்ளே வந்தாள். கோபமாக வந்தாள். அறையில் இன்னொருத்தி இருப்பதைக் கவனிக்கவே இல்லை.

“ஏன்க்கா மாத்துன? என் உயிரே போயிடுச்சு. பாய் விரிக்கக்கூட இடமில்ல, அடுத்த வீட்டு ஹால் பெருசுன்னு எவ்வளவு நல்லாச் சொல்லுவ. அதைக் கேட்டாத்தானே எனக்கு அழுகை வரும்.”

சொல்லி முடித்தபிறகுதான் மகளைப் பார்த்தாள். பார்த்ததும் அது யார் சொன்ன வார்த்தை என்று புரிந்துவிட்டது. கதவோரமாகவே நழுவிப் போய்விட்டாள்.

மகள் அசையாமல் நின்றாள்.

“அதுதான் நிஜ வசனமா?”

“அதெல்லாம் மறந்துபோச்சு கண்ணு” என்றாள் மடிப்பம்மா.

“எனக்கு மறக்கல.”

வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்தான். ஒரு பெண் பிள்ளை எட்டிப் பார்த்து, “டீச்சர், எண்ணிட்டோம், நாப்பதும் இருக்கோம்” என்றாள்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பிள்ளைங்களை விட்டுட்டு நேரா வந்துடறேன். ஆறு மணிக்குள்ள வந்துடுவேன். இங்கயே இரு. எங்கயும் போகாத. என்ன?”

“சரி.”

“சரின்னு சொல்லிட்டுப் போயிடாத.”

“இல்ல. இருக்கேன்.”

*

காப்பகத்து வேன் ஐந்தரைக்குக் கிளம்பும். ஆறு மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாவிட்டால் அன்றைக்குக் கட்டில் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் மூன்று பேர் இருந்தார்கள். வார்டன் கெட்டவள் இல்லை. ஆனால் வாசலில் நிற்கிற மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லையே.

“ஏறலையா?” என்றாள் வார்டன்.

“எம்மக கூப்பிட்டுக்க வர்றா.”

“நிச்சயமா? கட்டில் போயிடும், தெரியும்ல.”

“கொடுத்துடுங்க. யாராவது படுக்கட்டும்.”

ரேடியோ வேனிலிருந்து இறங்கி வந்தாள். முகம் தொங்கியிருந்தது. “நான்தான் உளறிட்டேன்.”

“நீ ஒண்ணும் உளறல. போ.”

“அவ நல்லவதான்க்கா. அத்தனை பேர் முன்னாடி சொன்னா பாரு. எங்கண்ணன் என்னைத் தெரியாதுன்னுட்டான், தனியா இருக்கும்போதே.” மடிப்பம்மாவின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள். அன்றைக்கு அதற்குமேல் அவள் பேசவில்லை.

டைரக்டரும் மன்றத்துக் கதவைப் பூட்டிவிட்டுத் தயங்கி நின்றாள். “என் வீடு பக்கம்தான். அங்க வந்து காத்திருங்களேன்.”

“வேண்டாம்மா. அவ வந்து தேடுவா. மக வர்றா எனக்கு.”

அதைச் சொல்லும்போது மடிப்பம்மாவின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. பதினோரு மாதமாக மகளைப் பற்றியும் மகனைப் பற்றியும் சொன்னதெல்லாம் கட்டிச் சொன்னது. இது அப்படியில்லை. இதை இரண்டு தடவை சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். காதோரம் ஒட்டியிருந்த பவுடரை விரலால் துடைத்தாள். அலுவலகம் விட்ட கூட்டம் பஸ்ஸுக்கு ஓடியது. எதிர்க் கடையில் விளக்குப் போட்டார்கள். ஒவ்வொரு பஸ்ஸும் நிற்கும்போது எழுந்து பார்த்தாள். பிறகு எழாமலே பார்த்தாள்.

ஆறு மணி ஆயிற்று. ஆறே கால்.

ஆறு இருபத்தைந்துக்குப் போன் அடித்தது.

“அம்மா.” மகளின் குரல் அடங்கி வந்தது. குளியலறையிலிருந்து பேசுவதுபோல எதிரொலித்தது. “வீட்டுக்கு வந்துட்டேன்மா. பையை வச்சுட்டுக் கிளம்பிடலாம்னுதான் வந்தேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படிம்மா... அவர் வர எட்டு மணி ஆகுமாம். வந்ததும் உக்கார வச்சுப் பேசறேன். நாளைக்குக் காலையில முதல் வேலையா வந்து கூட்டிட்டுப் போயிடறேன். இன்னைக்கு மட்டும் காப்பகத்துலயே இருந்துக்கறியா?”

பதினோரு மாதம் முன்னால் கேட்ட அதே குரல்தான். இந்தத் தடவை கூட அழுகையும் இருந்தது. பாவம், பொய் சொல்லவில்லை அவள். நிஜமாகவே தவித்தாள்.

“அதுக்கென்ன கண்ணு” என்றாள் மடிப்பம்மா. “நான் வேன்ல ஏறிட்டேன். போயிட்டேதான் இருக்கோம்.”

“ஏறிட்டியா? நிஜமாவா?”

ஒரு லாரி உறுமிக்கொண்டு தெருவைக் கடந்தது. நல்லவேளை.

“கேக்குதுல்ல வண்டிச் சத்தம். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத. சாப்பிட்டுட்டு நிதானமாப் பேசு. சண்டை போடாத.”

“அம்மா, நான் தம்பிக்குப் போன் பண்ணப் போறேன்.”

“பண்ணு. அவனைத் திட்டாதே.”

வைத்துவிட்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. களைப்பாக இருந்தது. பஸ் நிலையம் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று யோசித்தாள். அந்தப் பழைய பெஞ்சுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவன் இன்னும் இருக்கிறானா என்று யோசித்தாள்.

கால் மணி நேரம் கழித்து எழுந்து நாலு படி இறங்கியிருப்பாள். மறுபடி போன்.

திரையில் மகனின் பெயர்.

இன்றைக்கு வியாழக்கிழமை. லிஃப்ட் மெக்கானிக் அவன். இந்த நேரத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைவான், போனைத் தொடமாட்டான். பதினோரு மாதத்தில் ஞாயிறு தவிர அவன் கூப்பிட்டதில்லை. அப்படியானால் அக்கா பேசிவிட்டாள். மூன்று வருஷம் கழித்து அக்கா தம்பிக்குப் பேசிவிட்டாள். மடிப்பம்மா நின்ற படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா.”

“சொல்லுப்பா.”

மூச்சு வாங்கினான். வீட்டுப் படியேறி ஓடி வந்தவன்போல.

“எங்கம்மா இருக்க?”

எப்படிம்மா இருக்க என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பான். எங்கே என்று கேட்டது இதுதான் முதல் தடவை. பழகிய பதில் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா வீட்டுலதான்ப்பா. அதுதான் எளிது. அதுதான் எல்லோருக்கும் நல்லது. வேனில் இருக்கிறேன் என்றாலும் நம்புவான்.

“நகர மன்றத்து வாசல்ல” என்றாள். “படியில உக்காந்திருக்கேன். கட்டிலை இன்னொருத்திக்குக் கொடுத்துட்டாங்க. எனக்கு இன்னைக்குப் படுக்க இடம் இல்லப்பா.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே கூசியது. பெற்ற பிள்ளையிடம் இப்படி அவள் கேட்டதே இல்லை.

மறுமுனையில் மருமகளின் குரல் ஏதோ கேட்டது. மகன் கையால் போனைப் பொத்திக்கொண்டான். பொத்தின கைக்குள்ளிருந்து பேச்சு கசிந்து வந்தது. அவன் பேசுவதும் அவள் பேசுவதும், மறுபடி அவன் பேசுவதும். வார்த்தை எதுவும் பிடிபடவில்லை.

மடிப்பம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.